பாசியின் சாட்சியம்

சென்ற ஆண்டு எமது பாடசாலையின் உயிரியல் ஆசிரியர் உயர்தர வகுப்பு மாணவரை மலைநாட்டு வாவியொன்றுக்குக் களப்பயணமாக அழைத்துச் சென்றார். துணைக்குச் சென்ற ஆசிரியர்களில் நானும் ஒருவன். நாம் கரையை அடைந்தபோது உச்சிவேளை. நீர் பச்சை வர்ணத்தைக் கரைத்து ஊற்றியதுபோற் கிடந்தது. காற்று ஒதுக்கிய கரையோரத்தில் அது தடித்துப் படலமாகி நாற்றமெடுத்தது. அவ்வேளையில் அரசாங்க வாகனமொன்றில் வந்திறங்கிய உத்தியோகத்தர் ஒருவர் நீரிற் கருவியொன்றை அமிழ்த்தி எண்களைக் குறித்துக்கொண்டார். ஒரு போத்தலில் நீரை மொண்டு, வடித்து, மருந்து கலந்து நிறம் பார்த்தார். மாணவனொருவன் அருகிற் சென்று, “தண்ணீர் எப்படி, சேர்?” என்று கேட்டான்.

“ஒட்சிசன் தாராளமாக இருக்கிறது. பொசுபேற்று இல்லையென்றே சொல்லலாம். தண்ணீர் நல்ல தண்ணீர்தான், தம்பி. இந்தப் பாசிதான் பார்வைக்குக் கேடு. வருகிற கிழமை மருந்து போட்டால் அதுவும் போய்விடும்.”

மருந்து போடப்பட்டது. பாசி மறைந்தது. சில நாட்களின் பின் ஒரு விடியற்காலையில் மீன்கள் வயிறு மேலாய் மிதந்தன. அவற்றை அள்ளிப் புதைத்ததோடு விடயம் முடிந்தது. வாவிக்கு என்ன நேர்ந்தது என்று அவ்வூர் மக்களுக்கு எவரும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

அந்த உத்தியோகத்தர் மீது எனக்குக் கோபமில்லை. தமக்குக் கற்பிக்கப்பட்டதை அவர் ஒழுங்காகவே செய்தார். எமது நாட்டில் நீரைப் பற்றித் தீர்ப்பு வழங்கும் முறையே பிழையானது என்பதுதான் என் வாதம். ஒரு வாவியின் நலத்தைப் பற்றிச் சொல்லத்தக்க சாட்சி அவ்வாவிக்குள்ளேயே வாழ்கிறது. அச்சாட்சியை நாம் விசாரிப்பதில்லை. அழுக்கென்று பெயரிட்டு அழிக்கிறோம். அழிப்பதனால் நன்மை பெறுவோர் சிலர். அதற்கு விலை செலுத்துவோர் பலர். இதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நீரில் மிதந்து வாழும் நுண்ணிய தாவர உயிர்களைத் தாவரப் பிளாந்தன்கள் என்பர். தயற்றங்கள், பச்சை அல்காக்கள், இயூக்கிளினாக்கள், முன்னர் நீலப்பச்சை அல்கா எனப்பட்டு இன்று சயனோபற்றீரியா எனப்படுபவை ஆகிய பல கூட்டத்தார் இப்பெயருள் அடங்குவர். வெறுங்கண்ணுக்குத் தனித்தனியே தோன்றாத இவை சூரிய ஒளியைக் கொண்டு தமக்கு வேண்டிய உணவைத் தாமே ஆக்குகின்றன. வாவியின் உணவுச் சங்கிலி பெரும்பாலும் இவற்றின் மீதே நிற்கிறது. சில நாட்களுக்குள் இருமடங்காகப் பெருகும் ஆற்றல் இவற்றுட் பலவற்றுக்கு உண்டு. ஆதலால் நீரிற் போசணை கூடினாலும் குறைந்தாலும் இவற்றின் தொகையும் வகையும் விரைவில் மாறிவிடுகின்றன.

இனி அந்த உத்தியோகத்தர் குறித்த எண்களை எடுத்துக்கொள்வோம். நண்பகலில் ஒட்சிசன் தாராளமாக இருந்தது உண்மையே. பாசி மண்டிய நீரில் வெயில் எறிக்கும்போது ஒளித்தொகுப்பு மும்முரமாக நடைபெறுவதால், ஒட்சிசன் சாதாரண நீர் தாங்கும் அளவையும் கடந்து பெருகும். இரவில் ஒளி இல்லை. பாசியும் பற்றீரியாக்களும் சுவாசித்துச் சுவாசித்து அந்த ஒட்சிசனைத் தீர்த்துவிடுகின்றன. விடியுமுன் அதே நீரில் மீன் மூச்சுத் திணறுகிறது. எமது கந்தோர்கள் விடியுமுன் திறப்பதில்லை. ஆகவே ஏட்டில் ஏறுவது நண்பகல் ஒட்சிசன் மாத்திரமே. மருந்திட்டுப் பாசியை ஒரேயடியாகக் கொன்றாலோ நிலைமை இன்னும் மோசமாகிறது. செத்த பாசி அழுகும்போது ஒட்சிசன் செலவாகிறது. அதனை மீண்டும் ஆக்கித்தர உயிர்ப்பாசி இல்லை. அந்த வாவியின் மீன்களுக்கு நேர்ந்த கதி பெரும்பாலும் இதுவாகவே இருக்கவேண்டும்.

பொசுபேற்று இல்லை என்று சொன்னதும் அவ்வாறானதே. வடித்த நீரிற் பொசுபேற்று இல்லாமற் போனதற்குக் காரணம், அதனைப் பாசி உண்டு தன் உடலிற் சேர்த்துக்கொண்டமையாகும். உத்தியோகத்தர் தேடிய பொருள் அவர் எறிந்துவிட்ட வடிதாளிலே பச்சையாகப் படிந்திருந்தது. பந்தி முடிந்தபின் வெறும் இலையைப் பார்த்துவிட்டு, இவ்வீட்டில் இன்று சோறே ஆக்கவில்லை என்று எழுதிவைப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? மொத்தப் பொசுபரசை அளந்திருந்தால் உண்மை வெளிப்பட்டிருக்கும். பாசியை ஒரு துளி எடுத்து நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்திருந்தாலும் வெளிப்பட்டிருக்கும்.

போத்தல் ஒரு கணத்தைத்தான் பிடிக்கும். கழிவுநீரை இரவில் திறந்துவிட்டு விடிந்ததும் மூடிக்கொள்ளும் விடுதிக்காரனைப் பகற்போத்தல் காட்டிக்கொடுக்காது. பிளாந்தன் கூட்டமோ கடந்த பல நாட்களில் நீருக்கு நேர்ந்ததையெல்லாம் தன் உடலிலும் தொகையிலும் பதித்து வைத்திருக்கிறது. தயற்றங்களின் சிலிக்கா ஓடுகள் வாவியின் அடிச்சேற்றில் நூற்றாண்டுக் கணக்காக அழியாது கிடப்பதால், அச்சேற்றைப் படையாக எடுத்து ஆராய்வோர் எங்கள் பாட்டன் காலத்து நீரைப் பற்றியும் அறிந்துகொள்கின்றனர். இரசாயனப் பரிசோதனை வேண்டாம் என நான் சொல்ல வரவில்லை. உயிரின் சாட்சியத்தோடு சேர்த்துப் படிக்காத இரசாயன எண் ஊமை எண் என்பதே நான் சொல்வது.

இச்சாட்சியத்தைப் படிப்பது மந்திரவித்தையன்று. எந்த நீரில் எவை வாழும் என்ற பட்டியலை ஜேர்மானியரான கொல்க்விற்ஸ், மார்சன் என்னும் இருவரும் 20ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலேயே வகுத்தளித்தனர். போசணை குறைந்த தெளிந்த நீரில் தெசுமிட்டுகளும் சிலவகைத் தயற்றங்களும் சிறு தொகையிற் பல இனங்களாக வாழும். சேதனக் கழிவு சேரச் சேர இயூக்கிளினா போன்றவை பெருகும். பொசுபரசு மிகுந்து நீர் தேங்கிக் கிடந்தால் மைக்கிறோசிஸ்ரிஸ் முதலிய சயனோபற்றீரியாக்கள் மற்றவற்றை ஒடுக்கி ஆட்சி செய்யும். 1969இல் அமெரிக்கரான பாமர் என்பார் கழிவைத் தாங்கும் 20 சாதிகளுக்குப் புள்ளிகள் வகுத்தார். இயூக்கிளினாவுக்கு 5, ஒசிலற்றோரியாவுக்கு 5, குளோரெல்லாவுக்கு 3 என்றவாறு அப்பட்டியல் அமையும். ஒரு மாதிரியிற் காணப்படும் சாதிகளின் புள்ளிகளைக் கூட்டி, 20 அல்லது அதற்கு மேல் வந்தால் அந்நீரிற் சேதன மாசு மிகுதி என்று கொள்ளவேண்டும். நுணுக்குக்காட்டி உள்ள எந்தப் பாடசாலையிலும் மாணவர் செய்யக்கூடிய கணக்கு இது.

தொகையை அறிவதற்குப் பச்சையத்தை அளக்கின்றனர். பொருளாதார ஒத்துழைப்பு, அபிவிருத்தி நிறுவனம் 1982இல் வெளியிட்ட வகுப்பின்படி, ஆண்டுச் சராசரியாக லீற்றருக்கு 2.5 மைக்கிறோகிராமுக்குக் குறைந்த பச்சையமுள்ள ஏரி போசணை குறைந்தது. 8ஐத் தாண்டினால் நற்போசணையுற்றது. 25ஐத் தாண்டினால் மிகையாக நற்போசணையுற்றது. ‘நற்போசணை’ என்ற இச்சொல் மாணவரை மயக்கும். இங்கு நன்மை பாசிக்கேயன்றி நீரை நம்பிய மனிதருக்கன்று. ஐரோப்பிய ஒன்றியம் 2000ஆம் ஆண்டில் இயற்றிய நீர்ச் சட்டகப் பணிப்புரையில், ஏரிகளின் தரத்தை ஐந்து படிகளாக வகுப்பதற்குத் தாவரப் பிளாந்தன்களின் வகையும் தொகையும் சட்டப்படியான அளவுகோல்களுள் ஒன்றாயின. அங்கே பாசி சட்டத்தின் முன் சாட்சி சொல்கிறது. இங்கே அது துப்புரவுக் குத்தகைக்காரனின் கணக்கில் வருகிறது.

சாட்சியைக் கேட்டவர்களின் கதை ஒன்று உண்டு. அமெரிக்காவின் சியாட்டில் நகரை அடுத்த வாஷிங்டன் ஏரியில், சுற்றுப்புறச் சிறு நகரங்கள் பலவும் தமது சுத்திகரித்த மலக்கழிவு நீரை விட்டுக்கொண்டிருந்தன. 1955இல் அப்பல்கலைக்கழக விஞ்ஞானி எட்மண்ட்சனும் அவரது மாணவர்களும் அந்நீரில் ஒசிலற்றோரியா றுபெசென்ஸ் என்ற சயனோபற்றீரியாவைக் கண்டனர். சுவிற்சர்லாந்தின் சூரிச் ஏரி கெடத் தொடங்கிய காலத்தில் அங்கு தோன்றிய உயிர் அது. ஏரி இன்னும் குளிப்போர் முகஞ்சுளிக்கும் நிலையை அடைந்திருக்கவில்லை. ஆயினும், வரப்போவதை எட்மண்ட்சன் எடுத்துரைத்தார். கழிவை ஏரிக்கு வெளியே கொண்டுசெல்லும் பொது அமைப்புக்காக 1958 மார்ச்சில் வாக்கெடுப்பு நடந்து தோற்றது. செப்ரெம்பரில் மீண்டும் நடந்து வென்றது. 1963இற் கழிவைத் திருப்பத் தொடங்கி 1968இல் முடித்தனர். ஆரம்பத்திற் சுமார் 1 மீற்றர் ஆழமே தெரிந்த நீர், பின்னர் 3 மீற்றருக்கும் மேலாகத் தெளிந்தது. ஒசிலற்றோரியாவும் மறைந்தது. அவர்கள் கழிவைத் திருப்பியது கடலுக்கே என்பது குறையாகவே நிற்கிறது. ஆனால் ஒரு நுண்ணுயிரின் எச்சரிக்கையை விஞ்ஞானி மக்களிடம் கொண்டுசென்று, மக்கள் தமது வரிப்பணத்தால் ஏரியொன்றை மீட்டனர் என்பதை எவரும் மறுக்கவியலாது.

எல்லா இடத்திலும் சாட்சி இவ்வளவு எளிதாக வெல்லவில்லை. 1960களின் பிற்பகுதியில் ஈரி முதலிய பேரேரிகள் பாசியாற் சீர்கெட்டபோது, சலவைத்தூளிலுள்ள பொசுபேற்றின் மீது குற்றம் சாட்டப்பட்டது. உற்பத்தியாளர் தரப்பு வாளாவிருக்குமா? பொசுபரசு அல்ல, காபனே காரணம் என்ற வாதம் முன்வைக்கப்பட்டது. ஆய்வுகூடக் குடுவைகளிலிருந்து அதற்கு ஆதாரமும் காட்டப்பட்டது. காபனைக் கட்டுப்படுத்த எவராலும் இயலாது. ஆகவே அவ்வாதம் வென்றிருந்தாற் சலவைத்தூள் விற்பனைக்கு ஊறு நேராது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் டேவிட் ஷின்ட்லரும் அவரது குழுவினரும் இவ்வழக்கை ஏரியின் முன்னாலேயே விசாரித்தனர். 1973இல் 226ஆம் இலக்க ஏரியை ஒரு பிளாஸ்ரிக் திரையால் இரண்டாகப் பிரித்தனர். ஒரு பாதிக்குக் காபனும் நைதரசனும் இட்டனர். மறு பாதிக்கு அவற்றோடு பொசுபரசையும் சேர்த்தனர். பொசுபரசு பெற்ற பாதி சயனோபற்றீரியாவாற் பச்சையாயிற்று; மற்றப் பாதி தெளிந்தே நின்றது. ஆகாயத்திலிருந்து எடுத்த அப்படம் உலகெங்கும் பாடநூல்களில் ஏறிற்று. கம்பனிகளின் பணத்தை எதிர்த்து நின்று வாக்குமூலம் அளித்தது கண்ணுக்குத் தெரியாத ஒரு பாசி.

மூன்றாவது கதை சாட்சியைக் கொன்ற கதை. அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தைச் சேர்ந்த பாம் தீவு, பூர்வீகக் குடிகளை அரசாங்கம் பல இடங்களிலிருந்தும் பலவந்தமாகக் கொண்டுவந்து குடியமர்த்திய இடம். அவர்களுக்குக் குடிநீர் தந்த சொலமன் அணையில் 1979இற் பாசி மண்டிற்று. நீரின் சுவையும் மணமும் கெட்டுவிட்டன என்று முறைப்பாடு எழுந்தது. அதிகாரிகள் செப்புச் சல்பேற்றை இட்டனர். சில நாட்களுக்குள் 148 பேர் வாந்தி, ஈரல் வீக்கம், சிறுநீரகப் பாதிப்பு ஆகியவற்றால் நோயுற்றனர். அவர்களிற் பெரும்பாலோர் குழந்தைகள். அணையின் நீரைக் குடிக்காதவர்களுக்கு நோய் வரவில்லை. பின்னர் அவ்வணையிலிருந்து பிரித்தெடுத்த சிலின்ட்றோஸ்பெர்மொப்சிஸ் என்ற சயனோபற்றீரியா ஈரலைத் தாக்கும் நஞ்சை உடையது என்று கண்டனர். உயிரோடிருக்கும்போது பெரும்பகுதி கலத்தினுள் அடங்கியிருக்கக்கூடிய நஞ்சு, கலம் உடைந்ததும் நீரிற் கலக்கிறது. கொன்ற மருந்தே நஞ்சைத் திறந்துவிட்டது. இட்ட செம்பே நோய்க்குக் காரணம் எனப் பிற்காலத்தில் வாதித்தோரும் உளர். எவ்வாறாயினும் குற்றவாளி அந்த மருந்திடலே. அணையில் எந்த உயிர் பெருகியிருக்கிறது என்று முதலிற் பார்த்திருந்தால் அக்குழந்தைகள் மருத்துவமனைக்குச் சென்றிருக்க வேண்டியதில்லை.

1996இற் பிறேசிலின் கருவாறு நகரில், சயனோபற்றீரியா நஞ்சு கலந்த நீரைக் கொண்டு இரத்தச் சுத்திகரிப்புச் செய்யப்பட்ட சிறுநீரக நோயாளரில் ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2014 ஓகஸ்டில் அமெரிக்காவின் டொலீடோ நகரில் நான்கு இலட்சத்துக்கு அதிகமானோர் குழாய்நீரைக் குடிக்கவேண்டாமென எச்சரிக்கப்பட்டனர். வயல்களின் பொசுபரசை உண்டு ஈரி ஏரியிற் பெருகிய மைக்கிறோசிஸ்ரிஸே அதற்குக் காரணம். நீரைக் காய்ச்சினால் இந்நஞ்சு போகாது. நீர் வற்ற நஞ்சு செறியும். ‘கொதிக்கவைத்துக் குடியுங்கள்’ என்று எமது சுகாதாரப் பாடம் சொல்லும் அறிவுரை இங்கு உதவாது. நுண்ணுயிர்க்கலம் உண்டாக்கும் மைக்கிறோசிஸ்ரின் எனும் இந்நஞ்சின் முக்கிய வகைக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ள நீண்டகால எல்லை, குடிநீர் லீற்றருக்கு 1 மைக்கிறோகிராம். அவ்வளவு சிறிய எல்லையைக் காப்பதற்கு, பாசி பெருகுமுன் அதனை எண்ணத் தெரிந்திருக்கவேண்டும்.

இவையெல்லாம் பிறநாட்டுச் செய்திகள் என்று ஒதுக்கிவிட எமக்கு உரிமையில்லை. கொத்மலை நீர்த்தேக்கம் கட்டி முடிக்கப்பட்டு ஆறு ஆண்டுகள்தாம் சென்றிருந்தன. 1991இல் அங்கு மைக்கிறோசிஸ்ரிஸ் பெருகிற்று. 1999இற் கண்டி வாவி அதே உயிராற் பச்சையாயிற்று. கொழும்பின் நடுவே கிடக்கும் பேர வாவியின் பச்சைக் குழம்பைப் பற்றித் தலைநகரில் வாழ்வோருக்கு நான் சொல்லவேண்டியதில்லை. உலர்வலயக் குளங்களில் சிலின்ட்றோஸ்பெர்மொப்சிஸ் காணப்படுவதையும் எம்நாட்டு ஆய்வாளர் பதிவு செய்துள்ளனர். இவ்வினத்தின் சூழ்ச்சி என்னவெனில், மைக்கிறோசிஸ்ரிஸ் போல அது மேலே படலமாக மிதப்பதில்லை. நீர் முழுவதும் பரவிக் கிடக்கும். கரையில் நின்று பார்ப்பவனுக்கு நீர் சற்றுக் கலங்கியதாகவே தோன்றும். வடமத்திய மாகாணத்து விவசாயிகளை வாட்டும் சிறுநீரக நோய்க்கு இதுவே காரணம் என்று நான் துணிந்து சொல்லவில்லை. அந்நோயின் காரணம் இன்னும் தீர்க்கப்படாத வழக்கு. ஆனால் தீராத வழக்கில், அருகிலிருக்கும் சாட்சி ஒன்றை ஒழுங்காக விசாரிக்காதிருப்பது எந்த நீதி?

எமது வாவிகளிற் பொசுபரசைக் கொட்டியவர் யார்? இவ்வினா எழுந்தவுடன் விரல்கள் யாவும் மரக்கறித் தோட்டக்காரனை நோக்கி நீள்கின்றன. நுவரெலியாச் சரிவுகளில் உருளைக்கிழங்கும் லீக்சும் கோவாவும் பயிரிடுவோர் உரத்தை அளவுக்கு மீறி இடுகின்றனர் என்பதும், மழை அதனை மண்ணோடு அள்ளிக்கொண்டு ஓடைகளிற் சேர்க்கிறது என்பதும் உண்மையே. ஆனால் அவ்வுரத்தை அளந்து இடுவதற்கு மண்ணைப் பரிசோதித்துச் சொல்லியவர் யார்? 2021இல் ஒரே கட்டளையாற் செயற்கை உர இறக்குமதியை நிறுத்தி, விளைச்சலைக் குலைத்து, அவ்வாண்டு முடியுமுன்னரே அக்கட்டளையைக் கைவிட்ட ஆட்சியாளர், எந்த நீர்நிலையில் எவ்வளவு பாசி என்று எண்ணிப் பார்த்து முடிவு செய்தனரா? இயற்கையின் பெயரால் எழுப்பப்படும் கோஷமும் இலாபத்தின் பெயரால் எழுப்பப்படும் கோஷமும் கணக்குப் பார்ப்பதை ஒருங்கே வெறுப்பன. நகரங்களின் மலக்கழிவும், விடுதிகளின் கழிவுநீரும், சலவைநீரும் அதே வாவிகளிற் சேர்கின்றன. ஆனால் இவற்றுக்கு உரியவர்களை நோக்கி விரல் நீள்வது அரிது. வாவிக்கரையில் நடைபாதை அமைத்து, நீரூற்று வைத்து, மின்விளக்கு மாட்டி, திறப்புவிழா நடத்துவதை ‘அபிவிருத்தி’ என்கின்றனர். அந்தக் காட்சிக்கு இடையூறாக மிதப்பதே பாசி செய்த குற்றம். பொசுபரசின் வாய்க்காலை அடைப்பதற்குப் பணமும் துணிவும் வேண்டும். பாசியின் மீது மருந்து தெளிப்பதற்கு ஒரு குத்தகை போதும். சீமான் போத்தல் நீரை வாங்கிக் குடிப்பான். ஓடைநீரைப் பீலியில் ஏந்திக் குடிக்கும் லயத்துத் தொழிலாளிக்கும், நீர்த்தேக்கத்து மீனைப் பிடித்து விற்கும் கடற்றொழில் அறியாத மீனவனுக்கும் அந்த வசதி இல்லை.

இவ்விடத்தில் மூன்று ஆட்சேபங்கள் எழக்கூடும்.

ஐரோப்பியர் வகுத்த அளவுகோல் எமது வெப்பநாட்டு நீருக்குப் பொருந்துமா என்று விஞ்ஞானம் கற்றோர் கேட்பர். நியாயமான கேள்வி. குளிர்நாட்டு ஏரியில் பருவந்தோறும் மாறும் உயிர்க்கூட்டம் வேறு. மழையாலும் வரட்சியாலும் மட்டம் ஏறி இறங்கும் எமது குளத்தின் உயிர்க்கூட்டம் வேறு. பராக்கிரம சமுத்திரத்தை 1979 முதற் சில ஆண்டுகள் ஆராய வந்த வெளிநாட்டு, உள்நாட்டு விஞ்ஞானிகளின் உழைப்பு, எமது குளங்களை அவற்றின் இயல்பிலேயே அறியவேண்டும் என்பதைக் காட்டிற்று. ஆகவே பிறரின் அட்டவணையை அப்படியே பெயர்த்து எழுதுவதால் பயனில்லை. எமது ஒவ்வொரு நீர்நிலைக்கும் மாதந்தோறும் எண்ணிப் பல ஆண்டுக் கணக்கு வைத்தாற்றான் எமக்குரிய அளவுகோல் பிறக்கும். அளவுகோல் இல்லை என்பது எண்ணாதிருப்பதற்குக் காரணமாகாது; எண்ணாதிருந்தமையாலேயே அளவுகோல் இல்லை.

இதற்குப் பணம் எங்கே என்று நிருவாகத்தார் கேட்பர். ஒரு பிளாந்தன் வலை, ஒரு நுணுக்குக்காட்டி, மாதிரியைப் பேண அயடீன் கரைசல், நீரின் தெளிவை அளக்க ஒரு வெள்ளைத் தட்டு ஆகியவையே தொடக்கத்துக்குத் தேவை. அத்தட்டை 1865இல் முதன்முதலாகக் கடலிற் பயன்படுத்தியவர் செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார். கயிற்றிற் கட்டி இறக்கி, கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறித்தாற் போதும். ஒரு திறப்புவிழாவின் மாலைச் செலவு இதற்குக் காணும். பயிற்சி பெற்ற கண்கள் வேண்டும் என்பது மெய்தான். அக்கண்களைப் பல்கலைக்கழகங்கள் ஆண்டுதோறும் உருவாக்கி, வேலையின்றி வீதியில் விட்டுக்கொண்டிருக்கின்றன.

மூன்றாவது ஆட்சேபம் எம்மவரிடமிருந்தே வருவது. தமிழ் கற்ற ஆசிரியனுக்குப் பாசியோடு என்ன உறவு என்று நண்பரொருவர் என்னைக் கேட்டார். தலைவியின் பசலையை ஊருணிப் பாசிக்கு ஒப்பிட்ட சங்கப் பாடலை ஆண்டுதோறும் கற்பித்து வருகிறேன். உவமையின் நயத்தை அரைமணி நேரம் விரித்துரைக்கிறேன்; பரீட்சையில் வினாவாகவும் வருகிறது. அப்புலவர் தம் ஊர்த் துறையில் நின்று பாசியைக் கண்ணாரப் பார்த்திருந்தார். நானோ அந்த வாவிக்கரைக்குச் செல்லும்வரை பாசியைப் பார்த்ததில்லை. மக்கள் உண்ணும் நீரைப் பார்க்க மறந்த புலமை அப்பாடலுக்கே துரோகம் செய்கிறது என்று இன்று எண்ணுகிறேன். நீரின் நிலையைப் பற்றிய அறிவு ஆங்கிலத்தில் எழுதிய அறிக்கைகளில் அடைபட்டுக் கிடக்கிறது. அதனைத் தமிழிலும் சிங்களத்திலும் மக்களிடம் கொண்டுசெல்லும் வேலை மொழி கற்றவர்களுடையது அன்றி வேறெவருடையது?

ஆகவே நாம் கேட்கவேண்டியவை சிலவே. பொது நீர்நிலை ஒவ்வொன்றிலும் தாவரப் பிளாந்தன்களின் வகையும் தொகையும், மொத்தப் பொசுபரசும், விடியற்கால ஒட்சிசனும் மாதந்தோறும் அளக்கப்படவேண்டும். முடிவுகள் இருமொழியிலும் வாவிக்கரையிலேயே எழுதி வைக்கப்படவேண்டும். குடிநீர் எடுக்கும் நீர்நிலையில், எந்த உயிர் பெருகியிருக்கிறது என்று பாராமலும் நீர் விநியோகத்தை நிறுத்தாமலும் பாசிக்கொல்லி இடுவது தடைசெய்யப்படவேண்டும். கழிவுநீரை வாவியில் விடும் நிறுவனத்தின் பெயரும் அந்தப் பலகையில் இடம்பெறவேண்டும். இவற்றைக் கேட்பதற்கு 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் எம் கையில் இருக்கிறது. ஆசிரியர்களும் மாணவர்களும் அதனைப் பயன்படுத்தத் தொடங்கினால், ஏட்டில் எண் இல்லை என்ற விடையாவது எழுத்தில் வரும். அதுவும் ஒரு சாட்சியமே.

எமது பாடசாலை மாணவர் இப்பொழுது மாதத்தின் முதற் சனிக்கிழமையில் அந்த வாவிக்குச் செல்கின்றனர். காலை ஐந்தரை மணிக்குப் போய் நீர் எடுக்கின்றனர். வெள்ளைத் தட்டை இறக்கிப் பார்க்கின்றனர். திரும்பி வந்து, கண்ட உயிர்களின் படத்தை வரைந்து பெயர் எழுதுகின்றனர். பெயர்களைத் தமிழில் எழுதுவதற்கு உதவுவது என் பங்கு. சென்ற முறை ஒரு பக்கத்தில் மைக்கிறோசிஸ்ரிஸ் மீண்டும் வந்திருந்தது. அன்று உத்தியோகத்தரிடம் கேள்வி கேட்ட அதே மாணவன், அப்பக்கத்தைப் பிரதி செய்து, விளக்கம் கேட்டு உரிய கந்தோருக்குக் கடிதம் எழுதியிருக்கிறான். பதில் இன்னும் வரவில்லை. அடுத்த சனிக்கிழமையும் போவோம்.